பதினோராம் நம்பர் கூண்டு

சிவப்பு எரிந்தது; வெள்ளை எரியவில்லை. வெள்ளையை மட்டும் பேட்டரியில் செருகினால் பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் சிவப்பைச் சேர்த்ததும் வெள்ளை அணைந்துவிட்டது. "வெள்ளை செத்துப்போச்சு மாமா" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த எல்இடியைக் குப்பையில் போடப் போனான். நான் தடுக்கவில்லை. அவனாகவே திரும்ப எடுத்து, தனியாக வைத்துப் பார்த்து, "இல்ல, உசிர் இருக்கு" என்றான். முதல் நாள் காலையில் பாதி இதிலேயே கழிந்தது.

இடம், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் ஒரு கடலோர ஊரின் சமுதாயக் கூடம். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. பள்ளிக்கூடமும் லீவு. பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. நான் ராமநாதபுரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிவி, இன்வெர்ட்டர் போக, படகுக்காரர்கள் கொண்டுவரும் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட். என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ஆறு நாளில் சார்ட் அட்டையில் ஒரு பெரிய படம். அந்தப் படம் விளக்கெரிந்து பதில் சொல்ல வேண்டும். எங்கள் திட்டம் அவ்வளவுதான்.

எதை வரைவது என்று முடிவுசெய்தது பிள்ளைகள். புயல் வரும்போதெல்லாம் டிவியில் "பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று சொல்கிறார்களே, அதைச் செய்யலாம் என்றார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட வாக்கியம். மூன்று என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அரைகுறைதான். பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு போடுவார்கள், மொத்தம் பதினொரு எண் என்ற அளவுக்குத் தெரியும். பகல் கூண்டுகளுக்கு போஸ்டர் கலர், இரவு விளக்குகளுக்கு எல்இடி என்று பிரித்துக்கொண்டோம். கம்பத்தில் மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. ஆக ஆறு எல்இடி. அந்தச் சிவப்பு வெள்ளையில்தான் முதல் நாளே மாட்டிக்கொண்டோம்.

மேட்டு வீட்டுக் குழாய்

காரணம் எளிது. எல்இடி குண்டு பல்பைப் போல் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வாசல்படி உண்டு. சிவப்பு ஏறக்குறைய 2 வோல்ட்டில் எரியத் தொடங்கும். வெள்ளைக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். புதிய பட்டன் பேட்டரி, அந்த சிஆர்2032 ரகம், மீட்டரில் 3.2 காட்டும். சிவப்பை அதோடு நேராகச் சேர்த்தால் அது கிடைத்த கரண்டையெல்லாம் இழுக்கும். அந்தச் சின்ன பேட்டரியால் ஈடுகொடுக்க முடியாது. வோல்ட் சிவப்பின் படிக்கே இறங்கிவிடும். வெள்ளையின் படி அதைவிட உயரம். அங்கே எதுவும் ஏறாது.

இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குறுக்கே சொன்னாள்: "எங்க தெருக் குழாய் மாதிரி. பள்ளத்து வீட்டுல தொறந்துட்டா மேட்டு வீட்டுக்கு வராது." அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளத்துக் குழாயைக் கொஞ்சம் இறுக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக ரெசிஸ்டர். பேட்டரியை விட்டுவிட்டு 5 வோல்ட் தரும் ஆர்டுயினோ நானோ போர்டுக்கு மாறினோம், ப்ரோக்ராம் எழுதி ஏற்றக்கூடிய சின்னக் கணினி அது. எல்லாவற்றுக்கும் 330 ஓம். சிவப்பில் 9 மில்லி ஆம்பியர், வெள்ளையில் 6. இரண்டும் சேர்ந்து எரிந்தன.

கம்பியை ஒளித்த தப்பு

இரண்டாம் நாள் நடந்தது முழுக்க என் தவறு. படம் முன்பக்கம், சர்க்யூட் பின்பக்கம் என்று பிரித்திருந்தேன். வரைகிறவர்கள் ஒரு கூட்டம், வயர் ஒட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். படம் காய்ந்த பிறகு ஓட்டை போட்டு எல்இடியைச் செருகிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

படம் அழகாகவே வந்தது. எந்தப் பாலத்தை வரைவது என்று ஒரு மணி நேரம் சண்டை. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது, நடுத் தூக்குப் பகுதி 72.5 மீட்டர், லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே போகும். பழையது 1914-ல் வந்தது, இரண்டு கை கூப்பிப் பிரிவதுபோல் திறக்கும். காகிதத்தில் மடித்துத் திறக்க எது தோது? பழையதே ஜெயித்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதன் இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாக வரைந்தாள். அதே சட்டத்தின் நடுவில் கோணி ஊசியால் நாங்கள் ஓட்டை போட்டோம். ஈரம் முழுக்கக் காயாத அட்டை கிழிந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை, பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். பின்பக்கத்திலும் நிலைமை மோசம். இடம் வலம் மாறியதில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வந்து நின்றது.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது ஓவிய சார் கேட்டார்: "கம்பியை எதுக்கு ஒளிக்கிறீங்க? பாம்பன்ல கம்பி தெரியாத இடம் எது?"

அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன்மேல் சார்ட் ஒட்டி, புதிதாகத் தொடங்கினோம். இந்தமுறை காப்பர் டேப்பே பாலத்தின் சட்டம். கம்பத்தை இழுத்துக் கட்டும் கயிறு, தண்டவாளம், தொடுவானம் எல்லாம் செம்பு. கோடு போடுகிறவள்தான் வயர் போடுகிறவள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லியா பீக்லி துணியில் நூலால் தைக்கும் ஆர்டுயினோவைச் செய்து, அது 2007-ல் லில்லிபேட் என்று விற்பனைக்கு வந்தது. பின்னால் எம்ஐடி மீடியா லேபில் அவருடைய குழுவிலிருந்த ஜீ சீ அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு ஒட்டுகிற எல்இடி ஸ்டிக்கர்கள் செய்தார். அவர்கள் செய்ததையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்துவிட்டும் பின்பக்கத்தில் ஒளித்தேன். பழுதுபார்க்கிறவன் புத்தி அது. டிவியின் வயர் வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர் திட்டுவார்.

காப்பர் டேப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. நாங்கள் வாங்கிய ரகத்தில் பசை கரண்டைக் கடத்தாது. ஒரு துண்டின்மேல் இன்னொன்றை ஒட்டினால் கண்ணுக்குச் சேர்ந்திருக்கும், மீட்டர் பீப் அடிக்காது. திருப்பத்தில் வெட்டி ஒட்டிய பையன்களுக்கு எல்லா மூலையிலும் இணைப்பு போனது. ஒரு பெண்ணின் கோடு மட்டும் முழுக்கப் பீப் அடித்தது. அவள் வெட்டவே இல்லை. மூலையில் டேப்பை முதலில் எதிர்ப்பக்கம் மடக்கி, நகத்தால் அழுத்தி, அப்புறம் வேண்டிய பக்கம் திருப்பி உட்காரவைத்திருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "அப்பத்தா கொட்டான் முடையும்ல, மூலைக்கு இப்படித்தான் ஓலைய மடிக்கும்." அதற்குப் பிறகு திருப்பங்களுக்கு அவள்தான் மேஸ்திரி. தவிர்க்க முடியாத இணைப்புகளுக்கு மட்டும் ஈயம் வைத்தோம். இரண்டு நொடிக்கு மேல் சோல்டரிங் அயர்ன் அட்டையில் நின்றால் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் விழும். அப்படி விழுந்த இரண்டு வட்டத்தைக் கடற்பறவை ஆக்கிவிட்டார்கள்.

ஐந்து, ஆறு, ஏழு

மூன்றாம் நாள் மதியம். படத்தின் கீழ்ப்பாதி வங்காள விரிகுடா. அதில் அட்டையில் வெட்டிய புயல் வட்டு ஒன்று, சுழி வரைந்து வெள்ளை அடித்தது. அதைக் கையால் பாம்பன் பக்கம் நகர்த்த நகர்த்தக் கூண்டு எண் 1, 2, 3 என்று 10 வரை ஏற வேண்டும். கடலில் பத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சமுதாயக் கூடத்து வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 டிசம்பரில் அவர் சிறுவன்.

"என்ன தம்பி, இப்படி ஏணிப்படி மாதிரிப் போட்டுருக்கீக? அஞ்சுக்கு மேல ஆறு பெருசுன்னு யார் சொன்னா?"

அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒன்று, இரண்டு என்பவை புயல் தொலைவில் இருக்கும்போது, கடலுக்குள் போகிற கப்பலுக்கு. மூன்று, நான்கு என்றால் துறைமுகத்துக்கே வானிலை மோசமாகலாம். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு அபாயம். வேறுபாடு திசையில். துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் புயல் கடந்தால் ஐந்து, வலப்பக்கம் விட்டால் ஆறு, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ வந்தால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்தும் அதே மாதிரி, பெரிய அபாயத்துக்கு.

"அப்ப பதினொண்ணு?" என்றான் ஒருவன்.

"சேதி வர்றது நின்னுபோச்சுன்னு அர்த்தம். வானிலை ஆபீஸோட தொடர்பு அத்துப்போச்சு. அதுதான் எல்லாத்துலயும் மோசம்."

அவர் வலைக்குத் திரும்பிவிட்டார். எங்கள் பத்துக் கட்டம் பொய்யாகிவிட்டது. ஒரே கோட்டில் தூரத்தைச் சொல்லலாம். புயல் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்ல முடியாது. ப்ரோக்ராம் எழுதத் தொடங்கியிருந்தால் பத்து எண்ணுக்கு ஒரு பட்டியலைப் போட்டு, ஓடுகிறதே என்று திருப்திப்பட்டிருப்போம். நல்லவேளை, கணினியை இன்னும் திறக்கவில்லை.

மாற்றியது இப்படி. கடலில் ஏழு கட்டம்: கூண்டு இல்லை, 1, 2, 3, 4, அபாயம், பெரிய அபாயம். பக்கத்தில் தனியாக ஒரு காகித அம்பு, பித்தளை ஊசியில் சுழலும். அதன் நுனி மூன்று செப்புப் புள்ளியில் ஒன்றைத் தொடும்: இடம், வலம், நேர் மேலே. வட்டு அபாயக் கட்டத்தில் இருந்தால் ஐந்தோடு அம்பின் எண்ணைக் கூட்டு; பெரிய அபாயம் என்றால் எட்டோடு கூட்டு. இடத்துக்கு 0, வலத்துக்கு 1, மேலே என்றால் 2. இந்தக் கூட்டலைச் சொன்னவன் கணக்கில் பெயிலாகி வந்தவன் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

பதினொன்றை என்ன செய்வது என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

பென்சில் கடல்

வட்டு எங்கே இருக்கிறது என்று போர்டுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் படுத்தியதும் இதுவே.

பென்சில் கரியில் கிராஃபைட் இருக்கிறது, அது கரண்டைக் கொஞ்சமாகக் கடத்தும். 6பி பென்சிலால் 20 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்துக்குக் கடலின் ஒரு பட்டையை அழுத்தித் தீட்டினார்கள். மீட்டரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 62 கிலோ ஓம். பாம்பன் முனைக்கு 5 வோல்ட், நடுக்கடல் முனைக்குக் கிரவுண்ட் (அதாவது 0 வோல்ட்), வட்டின் அடியில் காப்பர் டேப். வட்டு நிற்கும் இடத்துக்கு ஏற்ற வோல்ட்டை நானோ 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். ரேடியோவில் வால்யூம் திருகுகிறோமே, உள்ளே இருப்பதும் இப்படி ஒரு கரிப்பட்டைதான். நாற்பது பழைய ரேடியோ வால்யூமைத் திறந்து காட்டியிருப்பேன் கடையில். ஆனால் ஒரு பிள்ளை அதை வரைந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

முதல் சிக்கல்: வட்டை அசைக்காமல் வைத்தாலும் எண் ஆடியது. 400, 431, 388. நானோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு, படிக்கிற பக்கத்தில் 10 கிலோ ஓமுக்குள் இருந்தால்தான் வசதி. எங்கள் பட்டையோ அதைத் தாண்டியது. 104 என்று அச்சிட்ட சின்ன கெபாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குக் குறுக்கே போட்டு, பதினாறு முறை படித்துச் சராசரி எடுத்ததும் அடங்கியது.

இரண்டாவது சிக்கல் சுவாரசியமானது. ஏழு கட்டத்தையும் சமமாகப் பிரித்து எழுதியிருந்தேன். நான்காம் எண் கட்டத்தில் வட்டை வைத்தால் அபாயம் ஏறியது. அபாயக் கட்டத்தில் பெரிய அபாயம். படத்தை உற்றுப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது: பாம்பன் பக்கம் வரவரக் கடலைக் கறுப்பாகத் தீட்டியிருந்தாள், அந்தப் பாலம் வரைந்த பெண். கரி அடர்த்தியான இடத்தில் தடை குறைவு, அதனால் எண் மெதுவாக நகரும். வெளிறிய இடத்தில் வேகமாகத் தாவும்.

சமமாகத் தீட்டிவிடலாம், ரப்பர் கொடு என்றேன். கொடுக்கவில்லை.

"புயல் வர்றப்ப கரையோரம் இருட்டிக்கிட்டுத்தான் வரும் மாமா. அப்படித்தான் வரைஞ்சிருக்கேன். நீங்க உங்க கணக்க மாத்துங்க."

ஓவிய சார் சிரித்தார். சரி, மாற்றினோம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வட்டை வைத்து எண்ணைப் படித்து நோட்டில் எழுதினார்கள்: 190, 330, 480, 640, 790, 905, 985. கடைசி இரண்டுக்கும் நடுவே வெறும் 80 இடைவெளி. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவில் எல்லைக்கோடு போட்டு, அந்த ஆறு எல்லையை ப்ரோக்ராமில் அட்டவணையாக வைத்தோம். என் சமப் பங்கீடு குப்பைக்குப் போனது. கைபட்டு ஒரு பகுதி தேய்ந்தால் திரும்ப அளந்து அட்டவணையை மாற்றுவார்கள். படத்தைத் தொட மாட்டார்கள். பட்டை முழுக்க ஒரே சீராக ஈரம் ஏறினால் பெரும்பாலும் அளக்கத் தேவையில்லை. மொத்தத் தடை மாறினாலும் பங்கு அதிகம் மாறாதே.

ப்ரோக்ராமைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. மொத்தம் அறுபது வரிக்குள். ஒரு வேடிக்கையை மட்டும் சொல்கிறேன். சிவப்பு, வெள்ளை, தூரம் என்று தமிழிலேயே பெயர் வைத்தார்கள். ப்ரோக்ராமைப் போர்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், எங்களிடம் இருந்த ரகம், "ஸ்ட்ரே 340" என்று பக்கம் பக்கமாகத் திட்டியது. தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் கணினிக்குள் மூன்று பைட்டாகப் போகிறது. முதல் பைட் எப்போதும் 224, எட்டடிமானத்தில் 340. அந்த 340 யாரோ வழிதவறி வந்தவர் என்பது அதன் எண்ணம். பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றினோம். விளக்கக் குறிப்புகளில் தமிழ் இருந்தால் அது கண்டுகொள்வதில்லை. பதினான்கு பேரில் ஆறு பேர் கீபோர்டைத் தொடவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்று நோட்டில் எழுதியவர்களும் அந்த ஆறு பேரில் இருக்கிறார்கள்.

கண்காட்சி

ஆறாம் நாள் மாலை ஊர்க்காரர்கள் வந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் பவர் பேங்கில் போட்டோம். வட்டை நகர்த்தியதும் கூண்டு ஏறியது, கைதட்டல். அரை நிமிடத்தில் எல்லாம் அணைந்தது. திரும்பப் பொத்தானை அழுத்தினால் எரியும், அரை நிமிடத்தில் அணையும். ஒருவன் மேசையின்கீழ் தலையை விட்டு வயரைத் தேடினான். வயரில் ஒன்றுமில்லை. எங்கள் படம் இழுத்தது ஐம்பது மில்லி ஆம்பியர் சொச்சம். போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பவர் பேங்க் தூங்கிவிட்டது. பையில் கிடந்த 47 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டேன். வீணாக நூறு மில்லி ஆம்பியர் எரிந்தது. பவர் பேங்க் விழித்தே இருந்தது. அந்த ரெசிஸ்டர் நன்றாகச் சுட்டது, அதை அட்டையிலிருந்து தள்ளித் தொங்கவிட்டோம்.

பெரியவர் வந்து வட்டைத் தானே நகர்த்தினார். அபாயக் கட்டம் வந்ததும் பாலத்தின்மேல் ஏழாவது எல்இடி ஒன்று சிவப்பாக எரிந்தது. பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள் என்று ஒரு ரயில்வேக்காரர் மகன் சேர்த்த விளக்கு அது. "64-ல இந்த லைட்டு எரிஞ்சிருந்தா" என்று தொடங்கி அவர் முடிக்கவில்லை. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க் கடலில் அடித்துச்செல்லப்பட்ட ரயிலைத்தான் நினைத்திருப்பார்.

அவர் ஆர்வத்தில் வட்டைத் தூக்கிப் பார்த்தபோது கூண்டு விளக்குகள் கன்னாபின்னாவென்று மின்னின. காகிதத்தை விட்டு எழுந்த வயர் அந்தரத்தில் மிதக்கிறது, போர்டு கண்டதையும் படிக்கிறது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் கொட்டான் மேஸ்திரி சொன்னாள்: "தொடர்பு அத்துப்போச்சு. அதுதான் பதினொண்ணு."

மறுநாள் காலை அதைச் செய்தோம். படிக்கிற வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு மெகா ஓம். வட்டு பட்டையில் இருக்கும்போது அது தொந்தரவு செய்யாது. தூக்கினால் எண்ணை ஒரு நொடிக்குள் சுழியத்துக்கு இழுத்துவிடும். பட்டையின் நடுக்கடல் முனையில் முதலிலிருந்தே 10 கிலோ ஓம் ஒன்று சேர்த்திருந்ததால் பட்டையில் எங்கே வைத்தாலும் எண் 142-க்குக் கீழே இறங்காது. ஆகவே 60-க்குக் கீழே வந்தால் ஒரே அர்த்தம்தான்: சேதி வரவில்லை. பதினோராம் எண் ஏறும்.

உப்பு

படத்தைச் சமுதாயக் கூடத்திலேயே மாட்டிவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அம்பு வேலை செய்யவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் போர்டுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் காப்பர் டேப் தீர்ந்திருந்தது. மதுரைக்குப் போய் வாங்கி வரும்வரை நிறுத்திவைக்க மனமில்லாமல், பார்சல் பிரியாணி கட்டுகிற அலுமினியத் தாளை வெட்டி அம்பில் ஒட்டினேன். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது என்பதால் ஊசியடியில் காப்பர் டேப்பை அதன்மேல் சுற்றி அழுத்தினேன். இப்போது அந்த இடத்தில் தாளே இல்லை. வெள்ளைப் பொடி. சுரண்டினால் கையில் வந்தது.

இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர்: அது ஒரு பேட்டரி. செம்போடு சேர்ந்தால் அலுமினியம்தான் தன்னைக் கொடுத்துக் கரையும். தண்ணீர் எங்கே என்று கேட்கலாம். காற்றில் வந்து படிகிற உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகக் கசிந்து தண்ணீர் கோர்க்கும். இந்தக் கரையில் விடிகாலையில் அதைத் தாண்டாத நாள் குறைவு. படகு செட்டுகளில் இதே களிம்பை வருஷக்கணக்காக பிரஷ் போட்டுத் தேய்க்கிறவன் நான். ஒரு பையனின் அப்பா, படகு மெக்கானிக், அம்பைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "வெண்கல புரொப்பல்லர் பக்கத்துல இரும்பு சும்மா நிக்குமா? அதுக்குத்தானே ஜிங்க் கட்டி வைக்கிறோம். இது தெரியாமயா ஒட்டுனீங்க?" தெரிந்துதான் ஒட்டினேன். அட்டைதானே, படகா என்று நினைத்துவிட்டேன்.

அம்பை முழுக்கக் காப்பர் டேப்பில் மாற்றினோம். அம்பு தொடுகிற மூன்று புள்ளியிலும் மெல்லிசாக ஈயம் பூசி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம், பேட்டரி டெர்மினலுக்குத் தடவுவது மாதிரி. மற்றக் கோடுகளுக்கெல்லாம் நிறமில்லாத நகப்பூச்சு. அதைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒரு பாட்டில் மட்டும் ரோஸ் கலர். அது இப்போது தண்டவாளத்தில் இருக்கிறது. பூச்சு படாத செம்பு மூன்று வாரத்தில் மங்கிப் பச்சை பிடித்தது. பூச்சு பட்டது இன்னும் செம்பாகவே இருக்கிறது. பாலத்தின் ஓரங்களில் பச்சை நன்றாக இருக்கிறது, பழைய இரும்பு மாதிரித் தெரிகிறது என்று சில சட்டங்களைப் பூசாமலே விட்டாள் அந்தப் பெண். கரண்ட் போகாத சட்டமாகப் பார்த்துத்தான் விட்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, கடை திறக்கும் முன்பே போன் வந்தது. கொட்டான் மேஸ்திரி.

"மாமா, பதினொண்ணு ஏறியிருக்கு."

"யார் வட்டத் தூக்குனது?"

"யாரும் தொடல. வட்டு அது எடத்துல அப்படியே கிடக்கு."

"அப்ப வயரு..."

"பாத்துட்டேன். வட்டுக்கு அடியில பச்சையா இருக்கு. நகப்பூச்சு அங்க அடிக்கவே இல்ல நம்ம. சுரண்டிட்டேன். வரும்போது ஈயம் எடுத்துட்டு வாங்க, இங்க தீந்துபோச்சு."